பாலூட்டும் எலியிற் கருவின் காத்திருப்பு

திருகோணமலையின் புகழ் அதன் துறைமுகத்தினின்றும் பிறந்தது. குன்றுகள் சூழ்ந்த ஆழமான அவ்வுட்குடா, பருவக்காற்று வீசுங் காலத்தும் கலங்களுக்குப் புகலிடமாய் விளங்குகின்றது. 1957 ஆம் ஆண்டு வரை அது பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்தது. 1980 முதல் சீனன்குடாவிற் கோதுமை அரைக்கும் பேராலை ஒன்று இயங்குவதால் தானியக் கப்பல்களும் அங்கு வந்தடைகின்றன. துறைமுகத்தைச் சூழ்ந்த தம்பலகாமம், கந்தளாய், மூதூர், கிண்ணியா ஆகிய பகுதிகளோ நெல் விளையும் நிலங்கள். கப்பலும் களஞ்சியமும் வயலும் ஒருங்கே அமைந்த இடங்களில் எலியும் மனிதனோடு குடியிருக்க முற்படும் என்பது உலகிலுள்ள துறைமுகங்கள் யாவும் கண்டறிந்த உண்மை.

இவ்வுண்மையை உணர்ந்தே, கப்பலைக் கரையோடு பிணைக்கும் கயிறுகளில் எலி ஏறாவண்ணம் வட்டமான தகடுகளைப் பொருத்தும் வழக்கம் எழுந்தது. 1926 ஆம் ஆண்டின் சர்வதேசச் சுகாதார உடன்படிக்கை, கப்பல்களில் எலி ஒழிக்கப்பட்டமைக்குச் சான்றிதழ் வேண்டுமென விதித்தது. 2005 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட புதிய சர்வதேச விதிகள் அதற்குப் பதிலாகக் கப்பலின் முழுச் சுகாதாரத்தையும் குறிக்கும் சான்றிதழை அமைத்தன. இவ்வளவு காவல் இருந்தும் எலி குறைந்தபாடில்லை. நெல்லைத் தின்பதோடு நோயையும் அது பரப்புகின்றது. எலிக்காய்ச்சல் எனப்படும் நோயினால் 2008 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 7,000 பேருக்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. கொல்லக் கொல்லக் குறையாத இப்பிராணியின் பெருக்கத்திற்குக் காரணம் யாது? அப்பெருக்கத்தைத் தடுக்கும் கடிவாளம் ஏதேனும் அதன் உடலிலேயே அமைந்துள்ளதா? இவ்வினாக்களுக்குரிய விடை, குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கும் தாயெலியின் உடலிற் கிடைக்கின்றது.

இலங்கை எலிகளை விஞ்ஞான முறையில் வகுத்துரைத்தோருள் முன்னோடி எட்வேட் பிரெடெரிக் கெலாட் என்பார். இலங்கையிற் பிறந்த இம்மருத்துவர் படைப்பிரிவிற் பணியாற்றியவர். திருகோணமலையிலும் கடமை புரிந்து, அக்கடலிலுள்ள முத்துச்சிப்பிகளையும் ஓடில்லா மெல்லுடலிகளையும் ஆராய்ந்தவர். இலங்கையின் விலங்குகளைத் தொகுத்து 1852 இல் நூலொன்றையும் வெளியிட்டார். அவர் காலத்தில் எலியின் புறத்தோற்றமே ஆராய்ச்சிக்குரியதாயிருந்தது. உடலினுள் நிகழும் இனப்பெருக்க ஒழுங்கை அறிதற்கு மேலும் எழுபது ஆண்டுகள் வேண்டியிருந்தன. ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் வெள்ளெலி, துறைமுகங்களில் வாழும் பழுப்பெலியின் வழிவந்தது. ஆதலின் வெள்ளெலியிற் கண்ட முடிபுகள் ஆய்வுகூடத்தின் சுவருக்குள் அடங்கிவிடுவன அல்ல.

வேட்கை வட்டம்

1922 ஆம் ஆண்டில் ஜோசப் லோங், ஹேர்பர்ட் எவன்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் எலியின் வேட்கை வட்டத்தை விரிவாக விளக்கினர். பெண்ணெலியின் யோனிமடலிற் படியும் கலங்களை நாடோறும் நுணுக்குக்காட்டியில் நோக்கின், அதன் சூலகத்தில் நிகழும் மாற்றங்களைப் பிராணியைக் கொல்லாமலே அறியலாம் என்பதை அவர்கள் காட்டினர். இவ்வட்டம் நான்கு அல்லது ஐந்து நாட்களில் முற்றுப்பெறும். சூலைப் பொதிந்த சிறு பைகளாகிய புடைப்புகள் சூலகத்தில் வளர்ந்து ஈஸ்திரசன் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. அது உச்ச அளவை எய்தியதும், மூளையின் அடியில் தொங்கும் கபச்சுரப்பி லூட்டினாக்கும் ஓமோனைப் பெருமளவிற் குருதியிற் சேர்க்கின்றது. புடைப்புகள் வெடிக்கின்றன, சூல்கள் வெளியேறுகின்றன. அவ்விரவிலேயே பெண்ணெலி ஆணை ஏற்கும்.

வெடித்த புடைப்பு மஞ்சட் சடலமாக மாறிப் புரோசெசுத்தரோன் என்னும் ஓமோனைச் சுரக்கும். கருப்பையைக் கருவுக்கு ஏற்றதாக்கி வைப்பது இவ்வோமோனே. எனினும் எலியின் மஞ்சட் சடலம் தனித்து நெடுங்காலம் இயங்கவல்லதன்று. புணர்ச்சி நிகழாதவிடத்து அது விரைவிற் செயலிழக்க, அடுத்த வட்டம் தொடங்கிவிடும். புணர்ச்சி நிகழின், அதனாலெழும் நரம்புத் தூண்டல் கபச்சுரப்பியை எட்டி, புரொலக்ரின் என்னும் ஓமோனை நாளொன்றுக்கு இருமுறை பொங்கச் செய்கின்றது. அப்புரொலக்ரினே மஞ்சட் சடலத்தைத் தாங்கி நிற்கின்றது. கருப்பம் பன்னிரண்டு நாளளவு கடந்தபின் சூல்வித்தகம் சுரக்கும் ஓமோன்கள் அப்பொறுப்பை ஏற்கின்றன. இருபத்திரண்டு நாளளவிற் குட்டிகள் பிறக்கின்றன.

புரொலக்ரினின் வரலாறும் அறியத்தக்கது. கபச்சுரப்பியின் சாறு பால் சுரக்கச் செய்யும் என்பதை 1928 இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஸ்திரிக்கர், குரூற்றர் ஆகிய இருவர் முயல்களிற் கண்டனர். அச்சாறு புறாவின் தொண்டைப்பையில் குஞ்சுகளுக்குரிய ஒருவகைப் பாலைத் தோற்றுவிப்பதைக் கண்ட ஒஸ்கார் ரிடில் அதற்குப் புரொலக்ரின் என்னும் பெயரைச் சூட்டினார். பாலுக்குரிய இவ்வோமோனே எலியின் மஞ்சட் சடலத்தையும் நிலைநிறுத்துகின்றது என்பது 1941 இல் அஸ்ற்வூட், எவன்ஸ் முதலியோரின் ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஒரே ஓமோன் பாலையும் தந்து சூலகத்தையும் ஆளுகின்றது என்னும் இவ்வுண்மை, பின்வரும் செய்திகள் யாவற்றுக்கும் திறவுகோலாகும்.

ஈன்ற நாளிலே மீண்டும் கரு

எலியின் இனப்பெருக்கத்தில் மிகவும் வியப்புக்குரியது ஈன்றபின் எழும் வேட்கை நிலையாகும். பிரசவத்துக்கு ஒரு நாளளவு முன்னர்ப் புரோசெசுத்தரோன் திடீரெனக் குறைந்து ஈஸ்திரசன் மேலோங்கும். இம்மாற்றம் பிரசவத்தைத் தூண்டுவதோடு, புதிய சூல்களையும் முதிரச் செய்கின்றது. ஆகவே, குட்டிகளை ஈன்ற இருபத்துநான்கு மணி நேரத்துள் தாயெலி மீண்டும் ஆணை ஏற்று மீண்டும் கருவுறுகின்றது. மார்பிற் பத்துக் குட்டிகள் பால் பருக, வயிற்றில் அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கிவிடுகின்றது.

இவ்விடத்து இயற்கை ஒரு சிக்கலை எதிர்நோக்குகின்றது. கருப்பம் இருபத்திரண்டு நாட்கள். பால்குடி மறக்க ஏறத்தாழ இருபத்தொரு நாட்கள். முதற் குட்டிகள் பால் மறந்த கையோடு அடுத்த குட்டிகள் பிறப்பின், தாயின் உடல் இளைப்பாற இடமில்லை. அவளது உணவு முழுதும் பாலாகவும் கருவாகவும் இருவழி பிரியும். இச்சிக்கலைத் தீர்க்கும் முறை கருப்பையினுள்ளேயே அமைந்துள்ளது.

கருக்கட்டிய சூல் பிளவுற்று, ஐந்தாம் நாளளவில் அரும்பர்ச் சிறைப்பை என்னும் நீர் நிறைந்த நுண்ணிய உருண்டையாகின்றது. பாலூட்டாத எலியில் அது உடனே கருப்பைச் சுவரிற் பதியும். பல குட்டிகளுக்குப் பாலூட்டும் எலியிலோ அது பதிவதில்லை, அழிவதுமில்லை. கருப்பையின் குழியில் மிதந்தவாறு, வளர்ச்சி ஏறக்குறைய நின்ற நிலையில், உறங்கிக் கிடக்கின்றது. நாட்கள் பல கழிந்தபின், உரிய அறிகுறி கிடைத்ததும் விழித்தெழுந்து சுவரிற் பதிந்து, விட்ட இடத்திலிருந்து வளர்கின்றது. ஆகவே கருப்பகாலம் ஒரு கிழமை வரையோ அதற்கு மேலோ நீள்கின்றது.

பாலூட்டும் கொறிணிகளிற் கருப்பகாலம் நீளுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிய விஞ்ஞானி லத்தாஸ்த் கண்டறிந்தார். பிலடெல்பியாவிலுள்ள விஸ்ரார் நிறுவனத்தில் ஹெலன் டீன் கிங் என்னும் அம்மையார் 1913 இல் வெள்ளெலிகளில் இதனை ஆராய்ந்தார். தாமதத்தின் அளவு பால் குடிக்கும் குட்டிகளின் தொகையோடு தொடர்புடையது என்பதே இத்தகைய ஆய்வுகளின் சாரம். குட்டிகள் சிலவாயின் தாமதம் இல்லை, அல்லது மிகச் சிறிது; பலவாயின் தாமதம் நீளும். தாயின் சுமையைக் குட்டிகளே எண்ணி, இன்னும் பிறவாத தம் உடன்பிறப்புகளைக் காத்திருக்கச் செய்கின்றன எனலாம்.

கரு பதிவதற்குத் தேவையான அறிகுறி யாது? புரோசெசுத்தரோன் பாலூட்டும் எலியிலும் போதிய அளவு உண்டு. குறைந்திருப்பது ஈஸ்திரசன். பாலூட்டும் எலிக்கு மிகச் சிறிதளவு ஈஸ்திரசனை ஊசிமூலம் செலுத்தின், உறங்கிய கருக்கள் உடனே பதிகின்றன. எனவே புரோசெசுத்தரோன் கருவை உயிரோடு வைத்திருக்கின்றது. ஈஸ்திரசன் அதற்குக் கதவைத் திறக்கின்றது. 1960களில் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் என். ஆர். முட்கல் என்பாரும் அவர்தம் மாணாக்கரும், லூட்டினாக்கும் ஓமோனைச் செயலிழக்கச் செய்யும் பிறபொருளெதிரிகளை எலிகளிற் பயன்படுத்தி, அவ்வோமோன் இன்றேல் கரு பதியாது என்பதை நிறுவினர். சூலகத்தை ஈஸ்திரசன் சுரக்கத் தூண்டுவது கபச்சுரப்பியே என்பது இவ்வாற்றான் வலியுறுத்தப்பட்டது.

ஈன்ற நாளிற் கருவுறாத தாயெலியின் நிலையும் இதுபோன்றதே. அந்நாளில் வெளியேறிய சூல்கள் விட்டுச்சென்ற மஞ்சட் சடலங்கள், பாலூட்டலால் எழும் புரொலக்ரினின் துணையோடு நெடிது வாழ்ந்து புரோசெசுத்தரோனைச் சுரக்கின்றன. நான்கு நாட்களுக்கொருமுறை சுழன்ற வேட்கை வட்டம், குட்டிகள் பால் மறக்கும் வரை நின்றுவிடுகின்றது. பிறந்தவுடன் குட்டிகளை அகற்றின், சில நாட்களுள் வட்டம் மீண்டும் சுழலத் தொடங்கும்.

பாலா, உறிஞ்சலா?

பாலூட்டலின் எக்கூறு சூலகத்தைத் தடுக்கின்றது? பால் சுரக்கும் உழைப்பா, பால் வெளியேறுதலா, அன்றிக் குட்டியின் வாய் முலைக்காம்பில் ஏற்படுத்தும் தூண்டலா? இவ்வினாவுக்கு 1934 இல் கனடாவின் மொன்றியல் நகரில் ஹான்ஸ் செலியேயும் அவர்தம் துணைவரும் அழகிய விடையொன்றைக் கண்டனர். பால் வெளியேறும் கான்களை அடைத்துவிட்டு, குட்டிகளை உறிஞ்சவிட்டனர். குட்டிகளுக்கு ஒரு துளி பாலும் கிட்டவில்லை. எனினும் அவை உறிஞ்சிக்கொண்டிருந்த வரை தாயின் வேட்கை வட்டம் நின்றேயிருந்தது. எனவே தடையாக அமைவது பால் அன்று, உறிஞ்சலே.

பசியற்ற குட்டிகளை அகற்றி, வேறு இளங் குட்டிகளை அடுத்தடுத்து விட்டு, தாயெலியின் பாலூட்டலை இயல்பான மூன்று கிழமைகளுக்கப்பாலும் நீட்டிக்கலாம் என்பதும் பின்னர்க் காட்டப்பட்டது. தாயின் உடலில் நாட்களை எண்ணும் கடிகாரம் ஏதும் இல்லை. வளர்ந்த குட்டி தானியத்தைக் கொறிக்கத் தொடங்கி உறிஞ்சலைக் குறைக்கும்போதுதான் தடை தளர்கின்றது.

மூளையில் நிகழ்வது

முலைக்காம்பில் எழும் தூண்டல் நரம்புகளின் வழியே முண்ணாணை அடைந்து, மூளையின் அடிப்பாகத்திலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதியைச் சேர்கின்றது. அங்கு அது மூவகை விளைவுகளைத் தோற்றுவிக்கின்றது.

முதலாவது விளைவு ஒட்சிரோசின் என்னும் ஓமோன் வெளிப்படுதல். கபச்சுரப்பியின் பிற்பகுதியிலிருந்து இது சிறுசிறு வீச்சுகளாக வெளியேறிப் பாற்சுரப்பிகளைச் சுருங்கச் செய்து, பாலை முலைக்காம்புக்குத் தள்ளுகின்றது. எலியில் இது இடையறாது நிகழ்வதில்லை; சில நிமிடங்களுக்கொருமுறையே நிகழும். இடைப்பட்ட வேளையிற் குட்டிகள் பாலின்றியும் காம்பைப் பற்றிக்கொண்டே கிடக்கும்.

இரண்டாவது விளைவு புரொலக்ரின் பெருகுதல். ஏனைய பல ஓமோன்களைப் போலன்றி, புரொலக்ரின் எப்பொழுதும் மூளையின் தடைக்குட்பட்டது. தடை செய்யும் பொருள் டோபமின் எனப்படும். உறிஞ்சல் டோபமினைக் குறைக்கின்றது. தடை நீங்கவே புரொலக்ரின் பொங்குகின்றது. குட்டிகளைப் பிரித்த சில மணி நேரத்தில் அது தாழ்ந்து, மீண்டும் சேர்த்த சில நிமிடங்களில் உயர்கின்றது.

மூன்றாவது விளைவே சூலகத்தை உறங்கவைப்பது. பரிவகக்கீழ் சுரக்கும் கொனடோதிரோபின் விடுவிக்கும் ஓமோன், சிறு துடிப்புகளாகக் கபச்சுரப்பியை அடைந்து, லூட்டினாக்கும் ஓமோனை வெளிப்படுத்த வேண்டும். இதன் அமைப்பு 1971 இல் அறியப்பட்டது. அதனை நிகழ்த்திய குழுக்களின் தலைவர்களான ஷாலி, கில்மன் ஆகிய இருவருக்கும் 1977 இல் நோபெல் பரிசில் கிடைத்தது. பாலூட்டலின்போது இத்துடிப்புகள் அடங்கிவிடுகின்றன. அவற்றை எழுப்பும் கிஸ்பெப்டின் என்னும் பொருள் பாலூட்டும் எலியின் மூளையிற் குறைந்துவிடுவதை இந்நூற்றாண்டின் ஆய்வுகள் புலப்படுத்தியுள்ளன. துடிப்பு அடங்கின் புடைப்பு வளராது. புடைப்பு வளராதவிடத்து ஈஸ்திரசன் இல்லை. ஈஸ்திரசன் இன்றேல் வட்டமும் சுழலாது, கருவும் பதியாது. பல குட்டிகளுக்குப் பால் சுரக்கும் தாயின் உணவுப் பற்றாக்குறையும் இத்தடைக்கு வலுவூட்டுகின்றது. இவ்வாறு முலைக்காம்பில் தொடங்கிய சிறு தூண்டல், நரம்பையும் ஓமோனையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து கருப்பையை ஆளுகின்றது.

களஞ்சியத்துக்குரிய பாடம்

மேற்கூறியவற்றால் எலி ஒழிப்புப் பற்றி எழும் முடிபு ஒன்று உண்டு. களஞ்சியத்தின் மூலையிலோ வயல் வரப்பிலோ எலிக்கூடு அகப்பட்டால், கண் திறவாத குட்டிகளைக் கொன்றுவிட்டு, தப்பியோடிய தாயை விட்டுவிடுதல் பலரும் செய்வது. இதனால் எலி குறைந்ததெனக் கருதுவது பிழை. அக்குட்டிகளின் உறிஞ்சலே தாயின் அடுத்த கருவைத் தடுத்து வைத்திருந்தது. குட்டிகள் மறைந்ததும் தடை நீங்குகின்றது. ஈன்ற நாளிற் கருவுற்றிருந்தால் உறங்கிய கருக்கள் விரைவிற் பதிந்து வளரும். கருவுறாதிருந்தால் சில நாட்களுள் வேட்கை எழும். ஒரு கூட்டை அழித்தவர் அடுத்த கூட்டை முந்தி வரவழைத்தவராகின்றார்.

ஆகவே கருத்தில் இருத்த வேண்டியது தாயெலி. அதனினும் மேலாக, அத்தாய்க்கு உணவும் உறையுளும் தரும் இடம். அமெரிக்காவின் பால்ற்றிமோர் துறைமுக நகரில் டேவிட் டேவிஸ் என்பார் 1940களில் நிகழ்த்திய ஆய்வுகள் இவ்வுண்மையை வேறொரு வழியால் உறுதிப்படுத்தின. பொறியாலும் நஞ்சாலும் எலிகளைக் கொன்ற இடங்களில் எஞ்சியவை பெருகி மீண்டும் பழைய தொகையை எட்டின. குப்பையையும் மறைவிடங்களையும் அகற்றிய இடங்களிலோ தொகை குறைந்த நிலையில் நின்றது. மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி மேடையில் அடுக்குதல், சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டி அள்ளுதல், வளைகளையும் வடிகால் துவாரங்களையும் அடைத்தல், கப்பற் கயிற்றுத் தகடுகளைத் தவறாது பொருத்துதல் ஆகிய எளிய கடமைகளே நிலைத்த பயன் தருவன. உணவு குன்றிய தாயிடம் கருவும் குன்றும்.

தாய்மாருக்குரிய பாடம்

எலியின் உடல் மனிதவுடல் அன்று. மனிதப் பெண் ஈன்ற நாளிற் கருவுறுவதில்லை. மனிதக் கரு உறங்கிக் காத்திருப்பதாகவும் அறியப்படவில்லை. பாலூட்டுங் காலத்தில் எலியின் மஞ்சட் சடலம் விழித்திருக்கின்றது, மனிதரில் அவ்வாறில்லை. எனினும் அடிப்படை விதி ஒன்றே. குழந்தையின் உறிஞ்சல் தாயின் மூளையை எட்டி, லூட்டினாக்கும் ஓமோனின் துடிப்புகளை அடக்கி, மாதவிடாய் வட்டத்தை நிறுத்தி வைக்கின்றது. பாலூட்டும் பெண் எளிதிற் கருவுறாள் என்று மூதாட்டியர் கூறிவந்த சொல்லுக்கு விஞ்ஞான ஆதாரம் உண்டு. ஆயினும் அச்சொல் எல்லையற்றதன்று. அதன் எல்லையை அறியாது நம்பியோர் பலர் எதிர்பாராது கருவுற்றதும் உண்டு.

இவ்வெல்லையை 1988 இல் இத்தாலியின் பெலாஜியோ நகரிற் கூடிய வல்லுநர் வரையறுத்தனர். குழந்தைக்கு முற்றாகவோ ஏறக்குறைய முற்றாகவோ தாய்ப்பாலே ஊட்டப்பட வேண்டும். மாதவிடாய் திரும்பாதிருக்க வேண்டும். பிரசவமாகி ஆறு மாதம் கடவாதிருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே பொருந்துமாயின் கருவுறாமைக்கு நூற்றுக்கு 98 அளவு காப்பு உண்டு. மூன்றில் ஒன்று தவறினும் அக்காப்பை நம்புதல் ஆகாது. வேறு முறையை நாடுதல் வேண்டும். இது குறித்து அவ்வப் பகுதியின் மருத்துவமாதுவிடம் ஆலோசனை பெறுதல் அறிவுடைமை.

புட்டிப்பாலின் தீங்கு பெரும்பாலும் அதன் சத்துக் குறைவையும் தூய்மைக் குறைவையும் கொண்டே பேசப்படுவது. அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. புட்டி நுழைந்த அளவுக்கு உறிஞ்சல் குறைகின்றது. உறிஞ்சல் குறைந்த அளவுக்குச் சூலகம் விழிக்கின்றது. இரவில் ஊட்டும் பாலைக் குறைத்து நெடிய இடைவெளி விடுவதும் இவ்விளைவையே தரும். அடுத்த கரு விரைந்து வருமாயின் மூத்த குழந்தையின் பாலும் தாயின் நலமும் ஒருங்கே பாதிக்கப்படும். இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 அளவினர் தாய்ப்பாலை மட்டுமே பருகுவோராயினர். இது மகிழ்தற்குரிய நிலை, காத்தற்குரியதுமாகும்.

பாலுக்கும் கருவுக்கும் இடையே தாயின் உடல் ஓர் ஒழுங்கைப் பேணுகின்றது. பிறந்த உயிருக்கு முதலிடம். பிறக்கவிருக்கும் உயிர் தன் முறை வரும் வரை காத்திருத்தல் வேண்டும். அம்முறையைத் தீர்மானிப்பது குழந்தையின் உறிஞ்சல். துறைமுகக் களஞ்சியத்தின் இருளில் வாழும் சிற்றெலியினிடத்தும் இவ்வொழுங்கே நிலவுகின்றது. அதனை அறிந்தார், எலியைக் குறைக்க வேண்டிய இடத்தில் எதனை அகற்றுவது என்பதையும், குழந்தையைக் காக்க வேண்டிய இடத்தில் எதனை அகற்றலாகாது என்பதையும் ஒருங்கே அறிந்தாராவர்.